ஈரலைக் கொல்வது எது? நாட்பட்ட ஈரலழற்சியும் நிர்ப்பீடனக் கலங்களும்

செங்கமாரி என எம்மவர் வழங்கிவருவது உண்மையில் ஒரு தனி நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறியே ஆகும். ஈரல் தன் தொழிலைச் செம்மையாக ஆற்ற இயலாதபோது பித்த நிறப்பொருள் குருதியிலே தேங்கிக் கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. இந்நிலையைத் தோற்றுவிக்கும் காரணங்களுள் ஈரலழற்சி வைரசுகள் முக்கியமானவை. அவற்றுள்ளும் 'பி', 'சி' என்னும் இரண்டும் மனித உடலிலே பல பத்தாண்டுகள் தங்கியிருந்து, ஈரலைச் சிறிது சிறிதாகச் சிதைத்து, ஈற்றில் ஈரல் இறுகலுக்கும் புற்றுநோய்க்கும் இட்டுச்செல்ல வல்லன. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2022ஆம் ஆண்டில் 25 கோடியே 40 இலட்சம் மக்கள் 'பி' வைரசுடனும் 5 கோடி மக்கள் 'சி' வைரசுடனும் வாழ்ந்தனர். அவ்வாண்டில் வைரசு ஈரலழற்சியால் 13 இலட்சம் பேர் இறந்தனர்.

கிருமி ஈரலினுள்ளே புகுந்து அதனை அரித்து அழிக்கின்றது என்பதே இந்நோய் பற்றிய பொதுவான கருத்தாகும். இக்கருத்துப் பிழையானது. 'பி' வைரசு தான் குடியிருக்கும் கலத்தைப் பெரும்பாலும் கொல்வதில்லை. அக்கலத்தைக் கொல்வன நோயாளியின் சொந்த நிர்ப்பீடனக் கலங்களே. உடலைக் காக்கவென அமைந்த ஆற்றல் உடலின் ஓர் உறுப்பை அழிக்கும் ஆற்றலாக மாறுவது எங்ஙனம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கிய ஆய்வினைத் தொழிலாகக் கொண்ட எமக்கு இப்பொருளில் ஈடுபாடு ஏற்பட்டமைக்குக் காரணமுண்டு. நோயைப் பற்றி நாம் பயிலும் சொற்கள் நோயைப் பற்றிய எமது அறிவையும், அவ்வறிவு வழியாக எமது செயலையும் வரையறை செய்கின்றன. ஆதலின் முதலில் விடயத்தையும், பின்னர் அதனைக் கூறும் மொழியையும் நோக்குவாம்.

1. கொல்லாத வைரசு

'பி' வைரசைப் பற்றிய நவீன அறிவு, பாரூக் புளும்பேர்க்கும் அவரது சகாக்களும் 1965இல் வெளியிட்ட ஆய்வுடன் தொடங்குகின்றது. அவுஸ்திரேலிய ஆதிக்குடி ஒருவரின் குருதியிலே அவர்கள் கண்ட புரதம் 'அவுஸ்திரேலிய உடலெதிரியாக்கி' எனப் பெயர் பெற்றது. அது ஈரலழற்சி வைரசின் மேலுறைப் புரதமே என்பது பின்னர் தெளிவாயிற்று. 1976இல் புளும்பேர்க்குக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வைரசின் பரம்பரைப் பொருள் மிகச் சிறியது. ஏறக்குறைய 3200 எழுத்துகளைக் கொண்ட ஒரு டி.என்.ஏ. வளையமே அது. ஈரற் கலத்தினுள் நுழைந்ததும் அது கலத்தின் கருவை அடைந்து, இறுக மூடிய வளையமாகி, நிலையானதோர் அச்சுப்படிவமாக அங்கேயே தங்கிவிடுகின்றது. அதிலிருந்து புதிய வைரசுகள் இடையறாது ஆக்கப்படுகின்றன. அவை கலத்தைக் கிழித்துக்கொண்டு வெளியேறுவதில்லை; கலத்தின் சுரப்பு வழியினூடாகவே அமைதியாக வெளியேறுகின்றன. குருதியிலே பெருந்தொகையான வைரசுகளைக் கொண்டும் ஈரல் ஏறத்தாழப் பழுதின்றி இருக்கும் இளம் வயதினர் பலர் உளர். வைரசு தானே கொல்வதாயின் இது நிகழ்தற்கியலாது. எனவே அழிவின் மூலத்தை வைரசுக்கு வெளியிலே தேடவேண்டியதாகின்றது.

2. இனங்காணல்

அத்தேடலுக்கு வழிகாட்டியது ஈரலோடு தொடர்பற்ற ஓர் ஆய்வாகும். பீற்றர் டொகேற்றி, றொல்வ் சிங்கர்நாகெல் ஆகிய இருவரும் அவுஸ்திரேலியாவின் கன்பராவிலே எலிகளின் மூளையுறையைத் தாக்கும் ஒரு வைரசை ஆராய்ந்தனர். அவ்வைரசும் தானே கொல்லாத வைரசே. எலிகளின் இறப்புக்குக் காரணம் அவற்றின் 'ரி' நிணநீர்க்குழியங்களாகும். 1974இல் அவர்கள் வெளியிட்ட முடிவு யாதெனில், 'ரி' குழியம் வைரசைத் தனித்துக் காண்பதில்லை. தன்னுடலுக்குரிய அடையாளப் புரதத்தையும் வைரசுக்குரிய கூறினையும் ஒருங்கே காண்கின்றது என்பதாகும். இக்கண்டுபிடிப்புக்காக 1996இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இதனைச் சற்று விரித்துரைப்போம். ஒவ்வொரு கலமும் தன்னுள்ளே ஆக்கப்படும் புரதங்களிற் சிலவற்றைச் சிறு துண்டுகளாக வெட்டி, எட்டு முதல் பத்து வரையான அமினோ அமிலங்கள் கொண்ட அத்துண்டுகளை அடையாளப் புரதமொன்றின் பிளவிலே பொருத்தி, மென்சவ்வின் மேற்பரப்பிலே வைக்கின்றது. கலத்தினுள் நிகழும் உற்பத்தியை வெளியார் அறிவது இதன் மூலமே. வைரசு புகுந்த கலத்தின் மேற்பரப்பிலே வைரசுப் புரதத்தின் துண்டும் காணப்படும். 'சி.டி. 8' வகையைச் சேர்ந்த கொல்லும் 'ரி' குழியம் அதனோடு பொருந்தும் வாங்கியைக் கொண்டிருப்பின் அக்கலத்தை இனங்காண்கின்றது. வெறும் அந்நியத்தை அது காண்பதில்லை, தன்னுடைமையும் அந்நியமும் இணைந்த ஒன்றையே காண்கின்றது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

3. கொலையின் முறை

ஈரலின் அமைப்பு இச்சந்திப்புக்கு வாய்ப்பானது. ஈரலுக்கு வரும் குருதியில் ஏறக்குறைய முக்காற் பங்கு குடலிலிருந்து ஈரல் வாயினாளத்தின் வழியே வருகின்றது. அக்குருதி ஒடுங்கிய குடாக்களினூடாக மெதுவாகச் செல்கின்றது. ஏனைய உறுப்புகளின் மயிர்த்துளைக் குழாய்ச் சுவர் போலன்றி இக்குடாக்களின் சுவர் நுண்ணிய துளைகள் நிறைந்தது. லூக்கா குயிடோற்றியின் குழுவினர் உயிருள்ள எலியின் ஈரலை நுணுக்குக்காட்டியினூடாக அவதானித்து 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, கொல்லும் குழியங்கள் குடாவின் சுவரிலே ஒட்டியுள்ள குருதிச் சிறுதட்டுகளைப் பற்றி நின்று, பின் ஊர்ந்து, சுவரின் துளைகளினூடாகத் தமது நீட்டங்களைச் செலுத்தி, அப்பாலுள்ள ஈரற் கலத்தைத் தொட்டுணர்கின்றன. குருதியோட்டத்தை விட்டு நீங்காமலே அவை தம் இலக்கை இனங்காண்கின்றன.

இனங்கண்டபின் கொல்லும் வழிகள் பிரதானமாக இரண்டு. முதலாவது, சிறுமணிகளின் வழி. குழியம் இலக்குக் கலத்தோடு இறுக ஒட்டி, இடைப்பட்ட சிறு வெளியிலே தன் சிறுமணிகளைச் சொரிகின்றது. அவற்றிலுள்ள பேர்போரின் என்னும் புரதம் இலக்குக் கலத்தின் மென்சவ்விலே துளையிட, கிரான்சைம் எனப்படும் நொதியங்கள் உட்புகுகின்றன. அவை கஸ்பேஸ் என்னும் நொதியத் தொடரை எழுப்புவதோடு இழைமணிகளையும் தாக்குகின்றன. இரண்டாவது, வாங்கியின் வழி. குழியத்தின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதம் ஈரற் கலத்தின் மேலுள்ள 'பாஸ்' என்னும் வாங்கியோடு இணைகின்றது. அவ்விணைப்பே இறப்புக்கான சைகையாகின்றது. ஈரற் கலங்கள் இவ்வாங்கியை மிகுதியாகக் கொண்டிருத்தலால் இவ்வழியில் எளிதிற் பலியாகின்றன. இவற்றோடு, குறித்த வைரசுத் துண்டினை இனங்காணாமலே கொல்ல வல்ல இயற்கைக் கொல்லிக் கலங்களும் ஈரலில் ஏராளமாக உள்ளன. நாட்பட்ட 'பி' ஈரலழற்சி திடீரெனத் தீவிரமடையும் வேளைகளில் இவையும் இறப்புக்குரிய வேறொரு வாங்கியின் வழியே ஈரற் கலங்களைக் கொல்கின்றன என்பது 2007இல் வெளியான ஆய்வொன்றிலே காட்டப்பட்டது.

எவ்வழியில் நிகழினும் முடிவு ஒன்றே. கலம் சுருங்குகின்றது, கரு துண்டுபடுகின்றது, எஞ்சிய சிறு உருண்டைகளைக் குடாக்களிலுள்ள குப்பர் கலங்கள் விழுங்கிவிடுகின்றன. இத்தகைய இறப்பினை ஒரு தனி நிகழ்வாக வகுத்தவர்களுள் முன்னோடி, அவுஸ்திரேலிய நோயியலாளரான ஜோன் கேர் ஆவார். அவர் 1960களில் இதனை முதன்முதல் அவதானித்ததும் எலியின் ஈரலிலேயே. அவரும் அபடீன் பல்கலைக்கழகத்து வைலி, கறீ ஆகியோரும் 1972இல் இதற்குச் சூட்டிய பெயர் 'அப்போப்ரோசிஸ்' என்பதாகும். அப்பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கோமக் எடுத்துக்கொடுத்த அச்சொல், மரத்தினின்றும் இலை உதிர்தலைக் குறிக்கும். ஆயுதக் கொலையைச் சுட்டும் சொல் எதனையும் அவர்கள் தெரிவு செய்யவில்லை. இறக்கும் கலம் தன்னுள்ளேயே அமைந்த நொதியங்களால் இறக்கின்றது. கொல்லும் கலம் தொடக்கி வைக்க மாத்திரமே செய்கின்றது. இவ்வுண்மைக்கு அச்சொல் பொருந்துகின்றது.

4. கொல்லாது குணமாக்கல்

இதுவரை கூறியவற்றிலிருந்து, தொற்றுண்ட கலங்கள் யாவற்றையும் கொன்றே உடல் வைரசை ஒழிக்கின்றது என்ற முடிவுக்கு ஒருவர் வரக்கூடும். ஆனால் இதில் ஒரு கணக்குப் பிழை உண்டு. கடுமையான தொற்றின் உச்சத்திலே ஈரற் கலங்கள் ஏறத்தாழ அனைத்துமே வைரசைக் கொண்டிருக்கலாம். அவை யாவும் கொல்லப்படின் நோயாளி பிழைக்க வழியில்லை. ஆயினும் வளர்ந்தவர்களாயிருக்கையில் தொற்றுக்குள்ளானோரில் 95 வீதத்துக்கும் மேற்பட்டோர் வைரசை நீக்கிப் பிழைக்கின்றனர்.

இப்புதிரை அவிழ்த்ததில் கலிபோர்னியாவின் லா ஹோயாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் சிசாரியின் குழுவினருக்குப் பெரும் பங்குண்டு. எலிகளுக்கு 'பி' வைரசு இயல்பாகத் தொற்றாது. ஆகையால் வைரசின் பரம்பரையலகுகளை எலியின் பரம்பரைப் பொருளிலே புகுத்தி, ஈரலிலே வைரசினை ஆக்கும் எலிகளை அவர்கள் வளர்த்தெடுத்தனர். அவ்வெலிகளுக்குக் கொல்லும் குழியங்களைச் செலுத்தியபோது ஈரற் கலங்களில் ஒரு சிறு பகுதியே இறந்தது. ஆனால் இறவாத கலங்களிலும் வைரசின் பெருக்கம் நின்றுபோயிற்று. இதனைச் செய்தவை அக்குழியங்கள் சுரந்த இன்ரபெரோன் காமா, கட்டிநசிவுக் காரணி ஆகிய இரு பொருள்களாகும். இவற்றைப் பிறபொருளெதிரிகளால் தடுத்தபோது வைரசு ஒழிப்பு நிகழவில்லை. கலக்கொலை மட்டும் நிகழ்ந்தது. 1996இல் வெளியான இம்முடிவு, கொல்லுதலும் குணமாக்குதலும் ஒரே குழியத்தின் இரு வேறு தொழில்கள் என்பதைப் புலப்படுத்திற்று.

1999இல் சிம்பன்சிகளிலே செய்த ஆய்வு இதனை உறுதிப்படுத்திற்று. அங்கு ஈரற் சிதைவு உச்சமடைவதற்கு முன்னரே வைரசின் டி.என்.ஏ. பெரும்பாலும் மறைந்துபோயிருந்தது. 2003இல் 'சி.டி. 8' குழியங்களைத் தற்காலிகமாக நீக்கிப் பார்த்தபோது, அக்குழியங்கள் மீளும்வரை வைரசு ஒழிப்பும் ஈரலழற்சியும் இரண்டுமே தாமதமாயின. நோயும் நீக்கமும் ஒரே மூலத்திலிருந்து பிறக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எனினும் கொலை முற்றிலும் பயனற்றது எனக் கொள்ளுதலும் தவறாகும். கருவிலே தங்கிய மூடிய வளையத்தை முற்றாக நீக்குவதற்கு, கலங்கள் இறந்து புதியன தோன்றுதலும் துணைபுரிகின்றது.

5. நாட்பட்ட நிலை

அவ்வாறாயின் நாட்பட்ட ஈரலழற்சியில் நிகழ்வது யாது? நிர்ப்பீடனம் அளவுக்கு மிஞ்சித் தாக்குவதே அழிவுக்குக் காரணம் எனப் பலர் கருதுவர். 2000ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து மாலா மைனி, அன்ரோனியோ பேர்ட்டொலெற்றி முதலியோர் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டிற்று. வைரசைக் கட்டுப்படுத்தி ஈரற் சிதைவின்றி வாழ்வோரின் ஈரலிலும், வைரசு பெருகி ஈரல் சிதைவோரின் ஈரலிலும், வைரசை இனங்காணும் குழியங்களின் எண்ணிக்கை ஒப்பத்தக்கதாகவே இருந்தது. வேறுபாடு பிறிதோரிடத்தில் இருந்தது. பின்னவரின் ஈரலிலே வைரசை இனங்காணாத ஏனைய வெண்குழியங்கள் பெருந்திரளாக வந்து குவிந்திருந்தன.

இத்துடன் இன்னுமொன்றையும் சேர்த்து நோக்கவேண்டும். ஆண்டுக்கணக்காக வைரசுத் துண்டுகளை எதிர்கொண்ட 'ரி' குழியங்கள் களைத்துப்போகின்றன. 'பி.டி.-1' முதலிய தடுப்பு வாங்கிகள் அவற்றின் மேற்பரப்பிலே மிகுகின்றன. இன்ரபெரோன் சுரக்கும் ஆற்றல் குன்றுகின்றது. ஆக, குணமாக்கும் தொழில் நலிந்து, கொல்லும் தொழில் முற்றாக ஒழியாது, சேர்ந்து வந்த கூட்டத்தின் அழற்சி தொடரும் நிலையே நாட்பட்ட ஈரலழற்சி எனலாம். மிகையான நிர்ப்பீடனமும் அன்று, நிர்ப்பீடனமின்மையும் அன்று, வைரசை ஒழிக்கப் போதாததாயும் ஈரலைச் சிதைக்கப் போதியதாயும் உள்ள நிர்ப்பீடனம் அது.

இந்நிலை நீடிக்கும்போது அளவு மாற்றம் பண்பு மாற்றமாகின்றது. இறந்த கலங்களின் இடத்தை நிரப்பப் புதிய கலங்கள் ஓயாது பிரிகின்றன. குடாக்களின் அருகேயுள்ள உடுவுருக் கலங்கள் தூண்டப்பெற்று நார்ப்பொருளைச் சுரக்கின்றன. நார் படிந்து படிந்து ஈரல் இறுகுகின்றது. ஓயாத கலப்பிரிவினால் பரம்பரைப் பொருளிலே பிழைகள் திரள்கின்றன. 1998இல் சிசாரியின் குழுவினர், வைரசுப் புரதத்தைப் பொறுத்துக்கொண்டு வாழ்ந்த எலிகளுக்கு அதனைப் பொறுக்காத 'ரி' குழியங்களை அளித்தபோது, நாட்பட்ட ஈரலழற்சியும் அதனைத் தொடர்ந்து புற்றுநோயும் தோன்றின. 2002இல் 'பாஸ்' வழிக் கொலையைத் தடுத்தபோது அப்புற்றுநோயும் தடுக்கப்பட்டது. மனிதரில் வைரசின் டி.என்.ஏ. கலத்தின் பரம்பரைப் பொருளோடு இணைதலும் புற்றுநோய்க்குத் துணையாகின்றது. ஆயினும் நீடித்த கலக்கொலை ஒன்றே அதற்குப் போதியதாகலாம் என்பதை இவ்வாய்வுகள் காட்டின.

6. மொழியும் நோக்கும்

இனி இவற்றைக் கூறும் மொழியை நோக்குவாம். படையெடுப்பு, காவலரண், எதிரி, வெற்றி என்னும் போர்ச் சொற்கள் நிர்ப்பீடனவியலிலே வேரூன்றியுள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ருடொல்வ் விர்ச்சோ உடலைக் கலங்களாகிய குடிமக்களின் அரசாக வருணித்தார். 1882இல் மெச்னிக்கோவ் விழுங்கும் கலங்களைக் கண்டபின் அவ்வரசுக்கு ஒரு படையும் கிடைத்தது. ஐரோப்பிய அரசுகள் ஆசிய, ஆபிரிக்க நாடுகளைப் பங்கிட்ட காலத்திலே இம்மொழி உருப்பெற்றது என்பது தற்செயலன்று. நோயை உருவகமாக்குவதன் தீங்கினைச் சூசன் சொன்ராக் 1978இல் வெளியிட்ட நூல் விரிவாக எடுத்துரைத்தது. நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது வேறொன்று. நாட்பட்ட ஈரலழற்சியைப் பொறுத்தவரை போர் உருவகம் அறத்தால் மட்டுமன்றி அறிவாலும் பிழையானது. இங்கு எதிரி கொல்வதில்லை, காவலன் கொல்கின்றான், பகைவனை நீக்கும் பெரும்பணி கொலையின்றியே நிகழ்கின்றது.

அதேவேளை, போர் உருவகத்தை அகற்றிவிட்டு அவ்விடத்தில் இயங்கியல் வாய்பாடுகளை ஒட்டிவிடுவதும் எமக்கு உடன்பாடன்று. இயற்கையை ஆராயாது சூத்திரத்தால் அதற்குக் கட்டளையிட முற்பட்டதன் விளைவை 1948இல் லைசென்கோவின் வெற்றியின்போது சோவியத் உயிரியல் அனுபவித்தது. முரண்பாடு என்னும் கருத்து இங்கு பொருந்துகின்றதெனின், அது பரிசோதனைகளின் முடிவாகப் பெறப்பட்டமையாலேயே பொருந்துகின்றது. நோயின் மூலம் வைரசு என்னும் பொருளில் இல்லை. வைரசு, கலம், நிர்ப்பீடனம் ஆகியவற்றின் உறவிலே உள்ளது.

7. சமூகமும் ஈரலும்

அவ்வுறவு உடலோடு முடிவதுமில்லை. பிறப்பின்போது 'பி' வைரசுக்கு ஆளாகும் சிசுக்களில் 90 வீதத்தினர் நாட்பட்ட நோயாளராகின்றனர். வளர்ந்தவரில் 5 வீதத்துக்கும் குறைந்தோரே அவ்வாறாகின்றனர். பிறந்து 24 மணி நேரத்துள் இடப்படும் ஒரு தடுப்பூசி அச்சிசுவின் விதியை மாற்றவல்லது. அத்தடுப்பூசி 1980களிலிருந்தே கிடைத்து வருகின்றது. அவ்வாறிருந்தும், 2022இன் இறுதியிலே நாட்பட்ட 'பி' தொற்றுடையோரில் 13 வீதத்தினருக்கே நோய் கண்டறியப்பட்டிருந்தது. ஏறக்குறைய 3 வீதத்தினரே சிகிச்சை பெற்றிருந்தனர்.

எகிப்தின் அனுபவம் இன்னும் தெளிவானது. 1950களிலிருந்து 1980கள் வரை அங்கு கிராம மக்களுக்குப் புழுநோய்க்கான ஊசிமருந்து பெருந்தொகையாக ஏற்றப்பட்டது. சரிவரத் தூய்மை செய்யப்படாத ஊசிகளின் வழியே 'சி' வைரசு இலட்சக்கணக்கானோருக்குப் பரவிற்று. அவ்வைரசைக் குணமாக்கும் சொபொஸ்புவிர் 2013இன் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவிலே விற்பனைக்கு வந்தபோது 12 வாரச் சிகிச்சைக்கான விலை 84,000 டொலராகும். எகிப்திய அரசு பேரம் பேசிப் பெற்ற விலை மாதத்துக்கு 300 டொலர்; பின்னர் உள்நாட்டு உற்பத்தியால் அது மேலும் வீழ்ந்தது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய 5 கோடி மக்கள் அங்கு பரிசோதிக்கப்பட்டனர். மாத்திரையின் மூலக்கூறு இரு நாடுகளிலும் ஒன்றே. விலையைத் தீர்மானித்தது உயிரியலன்று.

எமது சூழலிலே இதற்கு வேறொரு முகமுண்டு. செங்கமாரிக்குக் கீழ்காய்நெல்லி கொடுக்கும் வழக்கம் தமிழரிடையே நெடுங்காலமாக உள்ளது. அதனை மூடநம்பிக்கையென ஒதுக்காது, சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ். பி. தியாகராஜனும் சகாக்களும் புளும்பேர்க்குடன் சேர்ந்து ஆராய்ந்து 1988இல் நம்பிக்கையூட்டும் முடிவொன்றை வெளியிட்டனர். பிற நாடுகளிலே நடந்த பிந்திய சோதனைகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. மரபைச் சோதனைக்குட்படுத்துதலும், சோதனையின் முடிவை ஏற்றலும் ஆகிய இரண்டுமே மரபுக்குச் செய்யும் மரியாதையாகும். ஆனால் இன்றைய சந்தையோ 'நிர்ப்பீடனத்தைப் பெருக்கும்' குளிகைகளையும் சாறுகளையும் வகைவகையாக விற்கின்றது. எந்த நிர்ப்பீடனத்தை? கொல்வதையா, குணமாக்குவதையா? நாட்பட்ட ஈரலழற்சி உடையவருக்கு இவ்வினா வெறும் சொல்லாய்வு அன்று. உடலிலே எவ்வித நோவுமின்றிப் பல்லாண்டுகள் கழியக்கூடிய இந்நோயில், குருதிப் பரிசோதனையும், வேண்டியவிடத்து வைரசின் பெருக்கத்தைத் தடுக்கும் டெனோபோவிர், என்ரெகாவிர் போன்ற மருந்துகளுமே ஈரலைக் காக்கின்றன. 'பி' வைரசை அவை முற்றாக நீக்குவதில்லை. ஆனால் பெருக்கத்தை ஒடுக்குவதன்மூலம் அழற்சியைத் தணித்து, கலக்கொலைக்கான தூண்டுதலைக் குறைக்கின்றன.

கொல்லும் குழியங்களின் களைப்பை நீக்கி, அவற்றின் கொல்லாது குணமாக்கும் ஆற்றலை மீட்டெடுப்பதே இன்றைய ஆய்வாளர் பலரது முயற்சியாகும். அம்முயற்சி கைகூடும்போது அதன் பயன் எவரை அடையும் என்பது ஆய்வுகூடத்துக்கு வெளியே தீர்மானிக்கப்படும். 1848இல் மேல் சிலேசியாவின் கொள்ளைநோயை ஆராயச் சென்ற விர்ச்சோ அங்கு மருந்தைக் காட்டிலும் கல்வியையும் சுதந்திரத்தையும் வாழ்க்கை வசதியையுமே பரிந்துரைத்தார். கலத்தை நோயியலின் அடிப்படை அலகாக்கிய அறிஞரே, கலத்தோடு நோயின் விளக்கம் முடிவதில்லை என்பதையும் உணர்ந்திருந்தார். நாட்பட்ட ஈரலழற்சியை விளங்கிக்கொள்ள முயலும் எவரும் இவ்விரு பாடங்களையும் ஒருங்கே கற்றல் வேண்டும்.